நிமிடத்துக்கு 30,000 சுற்று

கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சமையலறைகளில் பெரும்பாலும் இரண்டு மோட்டார்கள் இருக்கும். ஒன்று கிரைண்டரில், இன்னொன்று மிக்ஸியில். கிரைண்டர் அரை மணி நேரம் மாவரைத்தாலும் பக்கத்து அறையில் படிக்கிற பிள்ளைக்குத் தொந்தரவு இல்லை. மிக்ஸி அரை நிமிடம் ஓடினாலே வீட்டில் யாரும் பேச முடியாது. கிரைண்டர் மோட்டார் கனமானது, நிதானமாகச் சுற்றுவது, பத்துப் பதினைந்து வருடம் உழைப்பது. மிக்ஸி மோட்டாரோ கைக்குள் அடங்கும், அலறும், தொடர்ந்து ஓடினால் சூடேறி வாடை அடிக்கும். இரண்டும் ஒரே பிளக்கில் ஓடினாலும் வேறு வேறு தத்துவத்தில் இயங்குபவை. வீட்டில் மரவேலை செய்யக் கருவி வாங்கக் கிளம்புகிறவர் முதலில் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. கடையில் வரிசையாக வைத்திருக்கும் டிரில், வட்ட ரம்பம், ரூட்டர், ஜிக்சா ஆகியவற்றில் வயர் வைத்தவை ஏறக்குறைய எல்லாமே மிக்ஸியின் இனம்தான்.

கிரைண்டரிலும் கிணற்றுப் பம்பிலும் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930களில் பைக்காராவின் நீர்மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்ததும் இங்கே மில்கள் பெருகின. 1937-இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். அன்றிலிருந்து ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு என்று தெருத்தெருவாக மோட்டார் செய்கிற ஊர் இது. ஆனால் அந்த மோட்டாருக்கு ஒரு வேலி உண்டு. அதற்குள் சுழலும் காந்தப்புலம் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டது. இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டவே முடியாது. கொஞ்சம் பின்தங்கல் போக, பம்பின் பெயர்த்தகட்டில் 2,880 என்றோ, நான்கு துருவம் என்றால் 1,440 என்றோ பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மிக்ஸியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். இரண்டு கார்பன் பிரஷ்கள், செம்புப் பட்டைகள் அடுக்கிய கம்யூட்டேட்டரை உரசியபடி, சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கின்றன. அதனால் அதன் வேகம் 50 ஹெர்ட்ஸுக்கு அடங்குவதில்லை. சுமை இல்லாதபோது 20,000, 30,000 என்று ஏறிவிடும். ஏறினால் என்ன லாபம்? திறன் என்பது முறுக்குவிசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. அரை எச்.பி., அதாவது 373 வாட்டை 2,880 சுற்றில் கொடுக்க, தண்டில் சுமார் 1.24 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். அதே அரை எச்.பி.யை 30,000 சுற்றில் கொடுக்க 0.12 போதும். மோட்டாருக்கு எவ்வளவு இரும்பும் செம்பும் வேண்டும் என்பதை முக்கியமாக முறுக்குதான் முடிவு செய்கிறது. முறுக்கு பத்தில் ஒன்றானால் எடையும் சரிந்துவிடும். ஒன்றரை, இரண்டு கிலோ எடையில் ஒரு கையால் பிடிக்கக்கூடிய டிரிம்மர் ரூட்டர் சாத்தியமானது இப்படித்தான். அதற்கு நாம் கொடுக்கும் விலை சத்தம், சூடு, தேயும் கார்பன்.

ஓடுகிற கருவியின் காற்றுத் துளை வழியாகக் கொஞ்சம் தள்ளி நின்று உற்றுப் பாருங்கள். பிரஷ் முனையில் நீல நிறத்தில் சின்னஞ்சிறு பொறிகள் ஒரே சீராக மினுங்கினால் எல்லாம் சரி. பொறி மஞ்சளாகி, நீண்டு, கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஓட ஆரம்பித்தால் கார்பன் தேய்ந்துவிட்டது, அல்லது ஆர்மேச்சரில் கோளாறு. உடனே நிறுத்த வேண்டும்.

ஆகவே பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் சுற்று எண்ணிக்கை மோட்டாரின் குணத்தைச் சொல்கிறதே தவிர, மரத்தை எப்படி வெட்டும் என்பதைச் சொல்வதில்லை. மரத்துக்குத் தெரிவது விளிம்பு வேகம் ஒன்றுதான்: பல்லின் நுனி நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது. விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, அதை ஒரு நொடியில் வரும் சுற்றுகளால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். 185 மில்லிமீட்டர் பிளேடு போட்ட வட்ட ரம்பம் நிமிடத்துக்கு 5,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல் நுனியின் வேகம் நொடிக்கு 53 மீட்டர். 12 மில்லிமீட்டர் பிட் போட்ட ரூட்டர் 30,000 சுற்றில் சுற்றினாலும் அதன் விளிம்பு 19 மீட்டர்தான் போகும். பேனாவைப் போலப் பிடித்து வேலை செய்யும் சிறு ரோட்டரி கருவியையும் அதே 30,000 என்று எழுதி விற்கிறார்கள். 3 மில்லிமீட்டர் முனை மாட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 5 மீட்டர்கூட இல்லை.

இந்த ஒரு கணக்கு பல ஏமாற்றங்களைத் தவிர்க்கும். ஒரே கருவி, நூற்றைம்பது முனைகள், அறுக்கலாம், குடையலாம், தேய்க்கலாம், மெருகேற்றலாம் என்று விளம்பரப்படுத்தும் ரோட்டரி கருவியை முதல் கருவியாக வாங்குகிறவர்கள் நிறைய. அமெரிக்காவில் ஆல்பர்ட் டிரெமல் 1930களில் கொண்டுவந்த அந்த வகை அருமையான கருவிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் மோட்டார் பெரும்பாலும் 200 வாட்டுக்குள் அடங்குவது. பூட்டுத் தகடு உட்காரும் பள்ளத்தின் மூலையைச் சரிசெய்ய, துருப்பிடித்த ஆணித் தலையை வெட்ட, பித்தளைக் கம்பியைப் பதிக்கச் சின்னக் கோடு எடுக்க அதைவிட்டால் வேறு இல்லை. முக்கால் அங்குலப் பலகையை அதைக் கொண்டு அறுக்க முயன்றால் மரம் அறுபடாது, கருகும்.

கருகுவதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வீட்டுத் தச்சர்களுக்கு அதிகம் எரிச்சலூட்டும் விஷயம் அது, காரணமோ பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. 24 பல் பிளேடு 5,500 சுற்றில் ஓடினால் நொடிக்கு 2,200 பற்கள் மரத்தைத் தொடுகின்றன. நீங்கள் ரம்பத்தை நொடிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் தள்ளினால் ஒவ்வொரு பல்லும் சீவும் தடிமன் 0.023 மில்லிமீட்டர், தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இரண்டு வெட்டு விளிம்பு கொண்ட ரூட்டர் பிட் 24,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 800 வெட்டு. அதே வேகத்தில் நகர்த்தினால் ஒவ்வொரு வெட்டுக்கும் 0.06 மில்லிமீட்டர். இப்போது பயந்து பயந்து நொடிக்கு 10 மில்லிமீட்டர் நகர்த்துகிறீர்கள். சீவல் 0.012 ஆகிவிடும். எவ்வளவு கூர்மையான விளிம்பும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மழுங்கல் வளைவுதான். கொஞ்சம் ஓடித் தேய்ந்த பிட்டில் அந்த வளைவின் ஆரமே 0.01 மில்லிமீட்டரை எட்டிவிடும். சீவலின் தடிமன் அதற்குச் சமமாகவோ கீழாகவோ போனால் விளிம்பு வெட்டுவதை விட்டுவிட்டு உரச ஆரம்பிக்கிறது. உரசலில் பிறக்கும் சூட்டை எடுத்துப்போகத் தடிமனான சீவலும் இல்லை. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரம் பழுப்பாகிக் கருகத் தொடங்கும். ஆகவே கருகல் தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது தைரியமாகச் சற்று வேகமாக நகர்த்துவது, அல்லது கருவியின் சுற்றைக் குறைப்பது. இரண்டும் பலிக்கவில்லை என்றால் பிட் மழுங்கிவிட்டது.

மூலைகளில் கருகுவதற்கும் இதுதான் காரணம். திரும்பும் இடத்தில் கை தயங்குகிறது, பிட் நிற்பதில்லை.

சுற்றைக் குறைக்க முடிகிற கருவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல என்று நான் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். 50 மில்லிமீட்டர் அகல பிட் 25,000 சுற்றில் ஓடினால் விளிம்பு வேகம் நொடிக்கு 65 மீட்டர். அவ்வளவு பெரிய பிட் அந்த வேகத்தில் அதிர்ந்து கைப்பிடியையே பறிக்கும். 12,000-க்கு இறக்கினால் 31 மீட்டர், பேசாமல் வேலை செய்யும்.

*

இனி மரம். கொங்கு நாட்டில் சீமாறு தெரியாத வீடில்லை. தென்னை ஈர்க்குகளை நெருக்கமாகக் கட்டிய அந்தக் கட்டை நீளவாக்கில் பிளப்பது சுலபம். குறுக்கே நறுக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஈர்க்கையும் அறுத்தாக வேண்டும். மரமும் அதே அமைப்புதான். செல்லுலோஸ் இழைகளாலான நீண்ட குழல்கள், நடுவே அவற்றை ஒட்டிவைக்கும் லிக்னின். ரேகையோடு, அதாவது இழைகளின் போக்கிலேயே, அறுக்கும் பிளேடு உளியைப் போலப் பெயர்த்து அள்ள வேண்டும். அதற்கு 24 பல்லே போதும், பற்களுக்கிடையே சீவல் தங்கப் பெரிய பள்ளம் வேண்டும். ரேகைக்குக் குறுக்கே அறுப்பது கத்தியைப் போல இழையை முதலில் நறுக்க வேண்டும். 40 முதல் 60 பல், ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமும் சாய்ந்து தீட்டியது வேண்டும். பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு ரேகை திசை மாறுவதால் அதற்கும் பல் அதிகமானதே நல்லது. பிளேடை மாற்றச் சோம்பல்பட்டு ஒரே பிளேடில் எல்லாவற்றையும் அறுப்பவர்கள் விலை உயர்ந்த ரம்பத்தை வைத்துக்கொண்டும் சிலும்பிய விளிம்பையே பெறுகிறார்கள். என் யோசனை: கருவியில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தாவது நல்ல பிளேடு இரண்டு வாங்குங்கள்.

எந்த மரம் என்பதும் பிளேடுக்கு முக்கியம். ஆனைமலையின் தேக்கு அறுக்க இதமானது, ஆனால் அதன் திசுக்களில் சிலிக்கா உண்டு. சாதாரண எஃகுப் பல்லை அது சீக்கிரம் மழுக்கிவிடும். கருவேலமும் வேங்கையும் அடர்த்தியில் தேக்கை மிஞ்சுபவை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடத்துக்கு வைரம் பாய்ந்த வேல மரத்தைத் தேடியதில் அர்த்தம் இருந்தது. அதே அடர்த்தி சின்ன மோட்டாரைத் திணறடிக்கும். வாகை வீட்டு வேலைக்கு நல்ல மரம், விலையும் கட்டுப்படியாகும், ஆனால் அதன் தூள் தும்மலை வரவழைக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னை தனி ரகம். புல் இனத்தைப் போல ஒருவித்திலைத் தாவரம் என்பதால் அதற்கு ஆண்டு வளையம் கிடையாது. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். தென்னையில் ஓரம்தான் கெட்டி, நடு மென்மை. ஓரத்தில் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல், நடுவில் 400-க்கும் கீழே. ஒரே பலகையில் கை ஓரிடத்தில் அழுத்த வேண்டும், அடுத்த இடத்தில் விட்டுப்பிடிக்க வேண்டும். பிளேடையும் வேகமாக மழுக்கும். டங்ஸ்டன் கார்பைடு நுனி வைத்த பிளேடு இல்லாமல் தென்னையைத் தொடாதீர்கள். 1920களில் ஜெர்மனியில் உருவான அந்தக் கலவைதான் இன்று பெரும்பாலான மரப் பிளேடுகளின் பல்லில் ஒட்டியிருக்கிறது.

மரம் வாங்கும் முன் ஆர்.எஸ். புரத்திலுள்ள வன வளாகத்தின் காஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். 1902-இல் தொடங்கியது. மர மாதிரிகளை அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, கடையில் தேக்கு என்று சொல்லிக் காட்டும் பலகையைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

*

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். சாமி அலமாரி: வாகைச் சட்டம், பிளைவுட் முதுகு, இரண்டு கதவு, மேலே வளைவு, கதவில் மணி தொங்கத் துளைகள், கீழே இழுப்பறை. எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்பதற்கு முன் என்னென்ன வெட்டு இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். நேர் வெட்டு, வளைவு வெட்டு, காடி, துளை, பூவேலை. வேலையை இப்படிப் பிரித்துவிட்டால் கடைக்காரர் தள்ளிவிட நினைக்கும் பாதிப் பொருள்கள் தானாகவே கழன்றுவிடும்.

நேர் வெட்டில்தான் இங்கே பெரிய ஆபத்து இருக்கிறது. வீடு கட்டும் இடத்துக்கோ மைக்கா ஒட்டும் இடத்துக்கோ போனால், குந்தி உட்கார்ந்து முழங்காலால் பிளைவுட்டை அழுத்தியபடி ஒருவர் அறுத்துக்கொண்டிருப்பார். கையில் இருப்பது நான்கு அங்குல மார்பிள் கட்டர்.

"ஏனுங்கண்ணா, இது கல்லு அறுக்கற மெசினாச்சே?"

"ஆமாங்க. இதுக்கு மரப் பிளேடு வருதுங்க. கைக்கு அடக்கமா இருக்குது, வெலையும் கம்மி. மாடிக்குத் தூக்கிட்டு ஓடலாமுங்க."

அவர் சொல்வது எல்லாம் உண்மை. அன்றாடம் அதில் பழகிய கை அது, அவர் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது. ஆனால் கருவியின் இயற்பியல் பழக்கத்தைப் பார்ப்பதில்லை. 110 மில்லிமீட்டர் பிளேடு 13,000 சுற்றில் ஓடினால் பல் நுனி நொடிக்கு 75 மீட்டர், மணிக்கு 270 கிலோமீட்டர். மரத்துக்கான 185 மில்லிமீட்டர் வட்ட ரம்பத்தில் இது 53-தான். அதைவிட முக்கியமான வேறுபாடு காப்பில் இருக்கிறது. வட்ட ரம்பத்தின் கீழ்க்காப்பு ஸ்பிரிங்கில் இயங்கும். மரத்தைவிட்டு ரம்பம் வெளியே வந்ததும் அது தானே சுழன்று பல்லை மூடிவிடும். மார்பிள் கட்டரில் பொதுவாக அது இல்லை, ஏனென்றால் பல்லில்லாத வைர வில்லைக்காகச் செய்த கருவி அது. பல மாடல்களில் சுவிட்சைப் பூட்டி வைக்கலாம். கை நழுவினாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அறுக்கும்போது கருவி சில சமயம் திடீரென்று பின்னால் துள்ளும். ஏன்? பிளேடின் முன்பகுதிப் பற்கள் கீழிருந்து மேலாக வெட்டி வருகின்றன. அறுத்த வெட்டு வாய் மூடிக்கொண்டு பிளேடை நெருக்கும்போதோ, கருவி லேசாகக் கோணும்போதோ, பின்பகுதிப் பற்கள் மரத்தைப் பிடித்துக்கொள்ளும். சுழலும் ஆற்றல் முழுவதும் அந்த நொடியில் கருவியைத் தூக்கி, அறுப்பவரின் பக்கமாக எறியும். மனிதர் கையை இழுக்க எடுத்துக்கொள்ளும் நேரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆங்கிள் கிரைண்டரில் மரப் பிளேடு மாட்டுவது இதைவிட மோசம்: கிடத்தி ஓட்டத் தட்டுகூட இல்லை. வீட்டில் வேலை செய்பவர் அதைச் செய்யவே கூடாது என்பேன், விதிவிலக்கே கிடையாது.

ஆகவே நேர் வெட்டுக்கு 185 மில்லிமீட்டர் வட்ட ரம்பம். நிமிர்த்தி அறுத்தால் சுமார் 65 மில்லிமீட்டர் ஆழம் போகும், இரண்டு அங்குலச் சட்டத்துக்கும் போதும்; நான்கு அங்குலக் கட்டர் 30 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். பலகையின் இரண்டு பக்கமும் தாங்கல் கொடுங்கள், அறுபடும் துண்டு தானாகக் கீழே விழும்படி வையுங்கள், வெட்டு வாய் மூடாது. அலுமினிய மட்டப்பலகையை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கி அதை ஒட்டி ஓட்டினால் மில்லில் அறுத்ததைப் போல நேராக வரும். பல் கீழிருந்து மேலே வெட்டுவதால் மேல்முகம்தான் சிலும்பும். நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுக்க வேண்டும். மேசை ரம்பத்தில் இது அப்படியே தலைகீழ்.

வளைவுக்கு ஜிக்சா. சுவிட்சர்லாந்தில் 1940களில் ஆல்பர்ட் காஃப்மன் என்ற பொறியாளர் தையல் மெஷினின் ஊசிக்குப் பதிலாக ரம்பப் பிளேடை மாட்டிப் பார்த்ததில் பிறந்தது இது. திருப்பூர்க்காரர்கள் அதன் இயக்கத்தை ஒரு பார்வையில் புரிந்துகொள்வார்கள். மேலும் கீழும் போகும் பிளேடு என்பதால் துள்ளல் குறைவு, பயம் குறைவு. தடித்த மரத்தில் பிளேடு வளைந்து, மேலே சரியாகவும் கீழே கோணலாகவும் வெட்டும். ஒரு அங்குலத்துக்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. அலமாரியின் மேல் வளைவுக்கு இது தாராளம்.

காடிக்கு டிரிம்மர் ரூட்டர். கதவுப் பலகையைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டிவிடாமல் காடிக்குள் சும்மா உட்கார வைப்பதற்குக் காரணம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று, ஐப்பசி அடைமழை, பங்குனி வெயில் என்று காற்றின் ஈரம் மாறிக்கொண்டே இருக்கும் ஊர் இது. மரம் நீளத்தில் அசைவதில்லை, அகலத்தில் அசையும். ஒரு அடி அகலத் தேக்குப் பலகை ஈரம் நான்கு சதவீதம் மாறினால் இரண்டு மில்லிமீட்டர் வரை ஏறி இறங்கும். காடிக்குள் அதற்கு இடம் விடாவிட்டால் பலகை வெடிக்கும், அல்லது சட்டம் பிரியும்.

ரூட்டரில் யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் கோலெட். பிட்டின் தண்டைப் பிடிக்கும் பிளவுபட்ட உருளை அது. நம் கடைகளில் 6 மில்லிமீட்டர் தண்டும் கால் அங்குலத் தண்டும் ஒரே தட்டில் கிடக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கால் அங்குல கோலெட்டில் 6 மில்லிமீட்டர் தண்டைப் போட்டு எவ்வளவு முறுக்கினாலும் பிடி முழுதாக விழாது. சுமை ஏறியதும் பிட் மெல்லக் கீழே இறங்கிக் காடியின் ஆழத்தைக் கெடுக்கும், இல்லையென்றால் கழன்று பறக்கும். கருவியோடு எந்தக் கோலெட் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பிட்டை வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். மாட்டும்போது தண்டை அடிவரை தள்ளிவிட்டு இரண்டு மில்லிமீட்டர் மேலே இழுத்து இறுக்க வேண்டும்; அடியில் முட்டிக்கொண்டிருந்தால் கோலெட் இறுகும்போது தண்டு கூடவே இறங்க இடமில்லாமல் பிடி அரைகுறையாகிவிடும். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றில் சுற்றும். பலகையின் ஓரம் உங்கள் பக்கம் இருக்க, இடமிருந்து வலமாக ஓட்டினால் பிட் எதிர்த்து வெட்டும், கை கட்டுப்பாட்டில் இருக்கும். வலமிருந்து இடமாகப் போனால் பிட்டே சக்கரமாகி ரூட்டரை இழுத்துக்கொண்டு ஓடும்.

துளைக்கு டிரில். மூடிய கீலுக்கான 35 மில்லிமீட்டர் குழியை மெதுவான சுற்றில், அழுத்தமான முறுக்கில் எடுக்க வேண்டும். கியர் இரண்டு கொண்ட டிரைவர் டிரில்லே இதற்கு உகந்தது. சுவருக்கு வாங்கிய ஹேமர் டிரில் வீட்டில் இருந்தால் அடியை அணைத்துவிட்டு அதையே பயன்படுத்தலாம், அவசரமாக இன்னொன்று வாங்க வேண்டாம்.

பூவேலைக்கு? சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களை வாகையிலும் வேம்பிலும் செதுக்குகிறார்கள். அங்கே உளிதான் பேசுகிறது. உளி இழையைச் சீவி எடுக்கும். பளபளப்பான முகம் கிடைக்கும். நொடிக்கு 5 மீட்டர் ஓடும் ரோட்டரி முனை அதையே சுரண்டி எடுக்கும், பிறகு உப்புத்தாள் போட்டு நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும். நல்ல உளி நான்கு, ஒரு கொட்டாப்புளி, தீட்ட ஒரு கல் வாங்கினால் ரோட்டரி கருவியை அடுத்த வருடம் யோசிக்கலாம்.

*

வாட்டைப் பற்றிக் கொஞ்சம். எச்.பி. கணக்கில் பழகிய நம்மவர்கள் 1,600 வாட் என்றதும் 746-ஆல் வகுத்து இரண்டு எச்.பி. என்று சந்தோஷப்படுகிறார்கள். பெட்டியில் இருப்பது கருவி வாங்கிக்கொள்ளும் மின்சாரம். யுனிவர்சல் மோட்டார் அதில் பாதியை, கொஞ்சம் கூடுதலை, வேலையாகத் தரும், மிச்சம் சூடு. அந்தச் சூட்டை வெளியே தள்ளுவது தண்டிலேயே மாட்டிய விசிறி. சுமையில் சுற்று இறங்கினால் விசிறியும் இறங்கும், மின்னோட்டமோ ஏறும். மோட்டாரின் குரல் தாழ்ந்தால் அழுத்துவதைக் குறைக்க வேண்டும். அறுத்து முடித்ததும் அரை நிமிடம் சும்மா ஓடவிட்டால் உள்ளே குளிர்ந்துவிடும்.

1,400 வாட் ரம்பம் 6 ஆம்பியர் இழுக்கும், ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள். முற்றத்துக்கு இழுக்கும் 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் 0.75 சதுர மில்லிமீட்டராக இருந்தால் போகவரச் சுமார் 1 ஓம் தடை. 36 வாட் சூடு அந்த வயரிலேயே பிறக்கும். விரித்துப் போட்டிருந்தால் தெரியாது, சுருட்டியபடி இருந்தால் உறை இளகிவிடும்.

பேட்டரிக் கருவிகள் இப்போது கார்பன் இல்லாத மோட்டாரோடு வருகின்றன. சூடு குறைவு, ஆயுள் அதிகம். 18 வோல்ட், 20 வோல்ட் என்று இரண்டு ரகம் இருப்பதாக நினைக்க வேண்டாம். 3.6 வோல்ட் லித்தியம் செல் ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் அதே ஐந்தும் 20-ஐத் தாண்டும். 48, 88 என்று எழுதிய மலிவுப் பேட்டரிகளைத் திறந்து எண்ணினாலும் பெரும்பாலும் அதே ஐந்து செல்தான். டிரில்லுக்குப் பேட்டரி வசதி. ரம்பத்துக்கு, வீட்டில் மின்சாரம் இருக்கிற இடத்தில், வயரே எனக்குப் பிடிக்கும்.

தூளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்தது. மூக்கும் அதைச் சுற்றிய எலும்பறைகளும்தான் பாதிக்கப்படும் இடங்கள். பிளைவுட், எம்.டி.எஃப். தூளில் பிசினும் சேர்ந்திருக்கும். என்95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பு மூன்றும் வேண்டும். கையுறை வேண்டாம், தோளில் துண்டும் வேண்டாம்; சுழலும் பிட்டில் நூல் ஒன்று மாட்டினால் கையையும் சேர்த்துச் சுற்றிவிடும்.

டாக்டர் நஞ்சப்பா சாலைக் கடைகளில் கருவியைக் கையில் வாங்கியதும் மூன்று காரியம் செய்யலாம். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் பேரிங்கோ கோலெட்டோ சரியில்லை. வட்ட ரம்பமானால் கீழ்க்காப்பைத் தூக்கி விடுங்கள், தயங்காமல் டக்கென்று மூட வேண்டும். பிறகு, இந்த மாடலுக்குக் கார்பனும் ஆர்மேச்சரும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மூலைக்கு மூலை வைண்டிங் கடை இருக்கிற ஊர் இது. உதிரி கிடைக்கும் கருவி இங்கே பத்து வருடம் ஓடும். பிளேடு வாங்கும்போது அதன் முகத்தில் பொறித்திருக்கும் உச்சச் சுற்றைப் படித்து, கருவியின் சுற்று அதைவிடக் குறைவு என்று உறுதிசெய்துகொண்டு பணம் கொடுங்கள். முதல் வாங்கலுக்கு டிரில், வட்ட ரம்பம், பிளேடு இரண்டு, கிளாம்ப் நான்கு போதும். சட்டமும் முதுகும் நின்று, கதவுக்குக் காடி எடுக்கும் கட்டம் வரும்போது ரூட்டருக்குப் போகலாம்.